மழை விட்டதும் ட்ரிப் சுவிட்ச் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறவனுக்கு ஏப்ரலில் வரும் பின்னேர இடிமழையும் ஒக்டோபர், நவம்பர் மழையும்தான் சீசன். தொலைபேசியில் வருவது பெரும்பாலும் ஒரே வசனம்: "அண்ணே, ட்ரிப் சுவிட்ச் நிக்குதில்லை." போய்ப் பார்த்தால் பல வீடுகளில் நான் செய்வது ஒரு பிளக்கைக் கழற்றி வைப்பது மட்டும்தான். அதற்குக் காசு வாங்க எனக்கும் கூச்சம், கொடுக்க அவர்களுக்கும் மனமில்லை. அதனால் வீட்டுக்காரர் தாமே பார்க்கக்கூடியது எது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்போ அங்கே நேரே போங்கள். ஆனால் முதலாவதை மட்டும் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

கை வைக்க முதல்

கை காய்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு, நிற்கும் தரையில் ஈரம் இல்லை. மீட்டர் பெட்டி இருக்கும் சுவரில் தண்ணீர் வழிந்திருந்தால் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

உங்கள் பெட்டியை ஒரு நல்ல நாளில் திறந்து பார்த்து வையுங்கள். மீட்டரிலிருந்து வரும் வயர் முதலில் மெயின் சுவிட்சுக்குப் போகும். அடுத்தது ட்ரிப் சுவிட்ச். அதற்குப் பிறகு வரிசையாகச் சின்னச் சின்ன பிரேக்கர்கள். ட்ரிப் சுவிட்சில் 'டி' (T) என்று எழுதிய ஒரு சிறு பட்டன் இருக்கும், பிரேக்கர்களில் இருக்காது. இரண்டையும் மாறி விளங்கிக்கொண்டு "ட்ரிப் விழுந்தது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். எது விழுந்தது என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று ஒரு மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மீட்டரும் அதற்கு முன்னால் சீல் வைத்திருக்கும் கட்-அவுட்டும் (ஃபியூஸ் பெட்டி) உங்களுடையவை அல்ல, என்னுடையவையும் அல்ல. அதில் பழுது என்றால் அழைக்க வேண்டியது மின்சாரம் தருகிறவர்களை. கொழும்பு மாநகருக்குள் மின்சார சபை, இலக்கம் 1987. கோட்டே, நுகேகொடை, களனி, மொரட்டுவைப் பக்கம் லெக்கோ என்ற மின் விநியோகக் கம்பனி, இலக்கம் 1910. எது உங்களுக்கு என்பது கரண்ட் பில்லில் இருக்கிறது. பில்லைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். இருட்டில் மெழுகுதிரியோடு கணக்கு இலக்கம் தேடுவது பெரிய கொடுமை.

அறிகுறி: வீடு முழுக்க கரண்ட் இல்லை

முதலில் ஜன்னலால் எட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டிலும் இல்லை, தெரு விளக்கும் இல்லை என்றால் உங்கள் வீட்டில் பழுது இல்லை. பிரிட்ஜ், டிவி, கம்ப்யூட்டர், மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு லைட்டை மட்டும் போட்டு வையுங்கள். கரண்ட் திரும்பி வரும் முதல் சில நிமிடங்களில்தான் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கும்.

பக்கத்து வீட்டில் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் ட்ரிப் சுவிட்சைப் பாருங்கள். விழுந்திருந்தால் அடுத்த தலைப்பு. விழவில்லை, எல்லாம் மேலேயே நிற்கிறது, ஆனால் கரண்ட் இல்லை என்றால், மீட்டரின் முகத்தைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் எழுத்தே தெரியவில்லையென்றால் கரண்ட் உங்கள் வீட்டு வாசலுக்கே வரவில்லை. போஸ்டிலிருந்து வரும் வயரில் தென்னோலையோ மாங்கொப்போ விழுந்திருக்கலாம். எட்ட நின்று பார்த்துவிட்டு 1987 அல்லது 1910. கீழே தொங்கும் வயரைக் கம்பால்கூட தள்ளிப் பார்க்க வேண்டாம், ஈரக் கம்பிலும் கரண்ட் பாயும்.

மீட்டரில் எழுத்து தெரிகிறது, உள்ளே கரண்ட் இல்லை என்றால் மெயின் சுவிட்ச் அல்லது அதன் வயர் முனை எரிந்திருக்கலாம். இது எலக்ட்ரீசியன் வேலை.

கூரையில் சோலார் இருந்தும் கரண்ட் போன நேரம் வேலை செய்யவில்லை என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். பற்றரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலார் அப்படித்தான் நிற்க வேண்டும். லைனில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது.

அறிகுறி: ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

இதுதான் முக்கால்வாசி அழைப்பு, ஆகவே இதற்கு நேரம் எடுக்கிறேன்.

வீட்டு ட்ரிப் சுவிட்சில் 30 எம்ஏ (mA, மில்லி அம்பியர்) என்று எழுதியிருக்கும். போன கரண்ட் முழுவதும் திரும்பி வராமல் அந்த அளவு எங்கேயோ ஈரத்தின் வழியாகவோ ஒருவரின் உடம்பின் வழியாகவோ நிலத்துக்குப் போனால் அது விழும். ஆகவே விழுந்த ட்ரிப் சுவிட்சை ஒரு தடவை தூக்கிப் பார்ப்பது சரி. திரும்ப விழுந்தால் மூன்றாம் தடவை, நான்காம் தடவை என்று தூக்கிக்கொண்டிருக்க வேண்டாம். டேப் ஒட்டி, ரப்பர் பாண்ட் போட்டு நிறுத்தப் பார்த்த வீடுகளையும் கண்டிருக்கிறேன். உள்ளே அது விழுந்துதான் தீரும். நெம்புகோல் உடைவதுதான் மிச்சம்.

தூக்கும்போது ஒரு விஷயம்: சில வகைகளில் நெம்புகோல் பாதியில் நிற்கும். அதை முழுதாகக் கீழே அழுத்திவிட்டுத்தான் மேலே தள்ள வேண்டும். "நிக்குதில்லை" என்ற சில அழைப்புகள் இதோடு முடிந்துவிடும்.

முதல் வேலை: வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை ஓஃப் பண்ணுவது போதாது. பிளக் பேஸில் உள்ள சுவிட்ச் பெரும்பாலும் லைனை, அதாவது கரண்ட் வரும் வயரை மட்டுமே வெட்டும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் பக்கம் இணைந்தபடியே இருக்கும், அந்தப் பக்கத்தில் கசிவு இருந்தாலும் ட்ரிப் விழும். "எல்லாத்தையும் ஓஃப் பண்ணிட்டன், இன்னும் விழுது" என்று சொல்கிற வீட்டில் முதலில் நான் பார்ப்பது பிரிட்ஜுக்குப் பின்னால். வாஷிங் மெஷின், ரௌட்டர், மீன் தொட்டி, பூசை அறையில் எரியும் சின்ன விளக்கு, சமையலறை எக்ஸோஸ்ட் ஃபேன் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஹீட்டர், ஏசி, மோட்டார் ஆகியவற்றுக்குத் தனிச் சுவிட்ச் இருந்தால் அதையும் ஓஃப்.

இரண்டாவது: எல்லா பிரேக்கரையும் கீழே இறக்கி, ட்ரிப் சுவிட்சை மட்டும் தூக்குங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

எல்லாம் கீழே இருக்கும்போதே விழுகிறது என்றால்: வயரிங்கில் எங்கோ நியூட்ரல் எர்த்தோடு முட்டுகிறது, அல்லது ட்ரிப் சுவிட்சே தேய்ந்துவிட்டது. பிரேக்கர் லைனை மட்டும் வெட்டுவதால் இதை பிரேக்கரை வைத்துப் பிடிக்க முடியாது. நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெகர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். புது ட்ரிப் சுவிட்ச் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பழையதைப் பரிசோதிக்காமல் முதல் வேலையாகப் புதியதை மாட்டுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

நிற்கிறது என்றால்: பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். ஒன்றைத் தூக்கியதும் ட்ரிப் விழுந்தால் பழுது அந்த பிரேக்கர் கரண்ட் கொடுக்கும் வரிசையில், அதுவும் சுவருக்குள் அல்லது நிரந்தரமாகப் பொருத்திய ஏதோ ஒன்றில். அந்த ஒன்றை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்றவற்றைத் தூக்கிப் பாருங்கள். நின்றால் இன்றிரவு சமாளிக்கலாம், காலையில் ஆறுதலாகத் தேடலாம்.

எல்லா பிரேக்கரும் மேலே, எந்த பிளக்கும் இல்லை, ட்ரிப் நிற்கிறது என்றால் நல்ல செய்தி. பழுது ஒரு சாமானில். ஒவ்வொன்றாகக் குத்தி ஓன் பண்ணிப் பாருங்கள். சூடாகும் சாமான்களைக் குத்தியதும் முடிவெடுக்க வேண்டாம். அயன், கெட்டில், ரைஸ் குக்கர் ஆகியவற்றின் சூட்டுக் கம்பி சில வேளை சூடேறிய பிறகுதான் கசியும். சில நிமிடம் விட்டுப் பாருங்கள்.

சந்தேகப்பட வேண்டியவை, மலிவிலிருந்து செலவுக்கு:

வெளிச்சாமான்கள்தான் முதல் குற்றவாளி. கேட் தூணில் உள்ள லைட், கேட் பெல், மொட்டைமாடி பிளக் பொயின்ட், தோட்டத்து லைட். கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் மழை பெய்தால் மட்டும் ட்ரிப் விழுகிற வீடு ஒன்று இருந்தது. தூண் லைட்டின் மூடியைக் கழற்றினேன். பித்தளைத் திருகுகள் இரண்டும் பச்சையாகப் பூத்திருந்தன. அவற்றுக்குக் குறுக்கே ஒரு பல்லி காய்ந்து கருவாடாகக் கிடந்தது. வெயிலில் அது பாட்டுக்குக் கிடக்கும், ஈரம் பட்டதும் வயராகிவிடும். காலி வீதிக்கு (Galle Road) கடல் பக்கமாக இருப்பவர்கள் வெளி லைட்டை வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்கள், உப்புக் காற்று பித்தளையையும் விட்டுவைக்காது. எறும்பும் அப்படித்தான். மண்ணைக் கொண்டுவந்து பிளக் பெட்டியை நிரப்பிவிடும், அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெயினை ஓஃப் பண்ணிவிட்டுத் திறந்து, தூரிகையால் தட்டி, காயவிட்டு, மூடியின் ரப்பரை மாற்றினால் போதும்.

அடுத்தது அயன், கெட்டில், எக்ஸ்டென்ஷன் கோட். இவற்றைப் பழுது பார்ப்பதைவிட மாற்றுவது புத்தி.

பிறகு குளியலறை ஹீட்டர். அதைக் கழற்றினால் ட்ரிப் நிற்கிறது என்றால் எலமென்ட் போயிருக்கும். தண்ணீரும் கரண்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சாமான் இது, இதில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

பிரிட்ஜ் ஒரு கள்ளன். உறைபனி பிடிக்காத வகை பிரிட்ஜில் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பனியை உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் ஓடும். அந்த ஹீட்டர் கசிந்தால் ட்ரிப் சுவிட்ச் காரணமே இல்லாததுபோல நடு இரவிலும் விடியப்புறத்திலும் விழும், தூக்கினால் நிற்கும். "பேய்தான் செய்யுது" என்று மேல்மாடி அன்ட்டி ஒருவர் உறுதியாகச் சொன்னார். "அன்ட்டி, ஒரு இரவைக்கு பிரிட்ஜைக் கழட்டி வச்சுப் பாருங்கோ" என்றேன். அன்றிரவு ட்ரிப் விழவில்லை. இப்படி நேரம் விட்டு விழுகிற பழுதுக்கு ஒரு சந்தேக நபரை ஓர் இரவு ஒதுக்கி வைப்பதைவிட நல்ல பரிசோதனை இல்லை. பிரிட்ஜில் சாமான் நிறைய இருந்தால் வேறு வரிசையை ஓஃப் பண்ணி வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் மோட்டாருக்குத் தனித் தலைப்பு கீழே.

கடைசியில் சீலிங்கும் சுவரும். கூரை ஒழுகி பைப்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். ஓட்டு வீடுகளில் எலி கடிப்பது நான் அடிக்கடி காண்பது. இது வயர் இழுத்து மாற்றும் வேலை, செலவு வரும்.

இடி இடிக்கும் நேரம் மட்டும் விழுந்து, தூக்கினால் நிற்கிறது என்றால் உங்கள் வீட்டில் பழுது இல்லை. ஆனால் சாமான்களைப் பாருங்கள், இடி பற்றிய தலைப்பு கீழே இருக்கிறது.

அறிகுறி: ட்ரிப் சுவிட்ச் ஒருநாளும் விழுந்ததே இல்லை

இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. இப்போதே போய் 'டி' பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் நல்லது, தூக்கிவிட்டு வாருங்கள். விழாவிட்டால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும்விட அவசரமான பழுது உங்களுடையதுதான். உடனே மாற்ற வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை அழுத்துவது நல்ல பழக்கம். பெட்டியில் ட்ரிப் சுவிட்சே இல்லாத பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாடகைக்கு எடுக்க முதல் குளியலறையைப் பார்ப்பதுபோல இதையும் பாருங்கள். "ட்ரிப் விழுந்து கரைச்சல், நேரே குடுத்துவிடுங்கோ" என்று, ட்ரிப் இல்லாமல் இணைக்கச் சொல்லிக் கேட்டால் நான் செய்ய மாட்டேன். செய்து தருகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அறிகுறி: ட்ரிப் சுவிட்ச் நிற்கிறது, சின்ன பிரேக்கர் ஒன்று விழுகிறது

இது கசிவு இல்லை. ஒன்று பாரம் கூடிவிட்டது, அல்லது லைனும் நியூட்ரலும் முட்டுகின்றன.

தூக்கியவுடன் படாரென்று விழுந்தால் முட்டுகிறது. அந்த வரிசையில் உள்ள பிளக்குகளைக் கழற்றி ஒரு தடவை பாருங்கள். இன்னும் விழுந்தால் நிறுத்துங்கள். கருகிய மணம் வந்தால் முதல் தடவையே நிறுத்துங்கள்.

கொஞ்ச நேரம் நின்று விழுந்தால் பாரம். கணக்கு எளிது: வொட்டை 230 ஆல் பிரித்தால் அம்பியர். 2000 வொட் கெட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர். அதே எக்ஸ்டென்ஷனில் அயனும் ரைஸ் குக்கரும் சேர்ந்தால் 13 அம்பியர் தாண்டிவிடும். ஒன்றை வேறு வரிசைக்கு மாற்றுங்கள். பெரிய பிரேக்கர் போட்டால் விழாது என்று ஒருவர் சொல்வார். பிரேக்கர் விழாது, வயர் எரியும். பிரேக்கரின் அளவு வயரின் தடிப்புக்கு ஏற்றது, உங்கள் கெட்டிலுக்கு அல்ல.

தட்டை முள் பிளக்கை உருண்டை முள் பேஸில் நெருக்கித் திணிப்பதும், ஒன்றன்மேல் ஒன்றாக அடப்டர் அடுக்குவதும் பேஸை உள்ளே கருக்கும். பேஸின் முகம் மஞ்சளாகியிருந்தால் மாற்றுங்கள், விலை பெரிதில்லை.

அறிகுறி: லைட் மங்குது, அல்லது கண் கூசும் அளவுக்குப் பிரகாசமாக எரியுது

மங்கினால் பிரிட்ஜையும் ஏசியையும் கழற்றுங்கள். குறைந்த வோல்டேஜில் கொம்ப்ரசர் சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே சூடாகும். கரண்ட் சீரானதும் ஐந்து நிமிடமாவது விட்டு ஓன் பண்ணுங்கள்.

பிரகாசமாக எரிந்தால், அல்லது ஒரு அறையில் மங்கி மற்ற அறையில் பிரகாசமாக இருந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டு மெயினை ஓஃப் பண்ணுங்கள். லைனில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். காற்று மழைக்குப் பிறகு இது நடக்கும். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 ஐ நெருங்கிய வோல்டேஜ் வரக்கூடும். ட்ரிப் சுவிட்ச் இதற்கு விழ வேண்டிய அவசியமில்லை, பிரேக்கரும் விழாது, சாமான்கள் ஒவ்வொன்றாகப் புகையும். மெயினை இறக்கிவிட்டு 1987 அல்லது 1910, பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்தால் அவர்களுக்கும் வந்திருக்கும்.

அறிகுறி: சீலிங் லைட்டிலிருந்து தண்ணீர் சொட்டுது

சுவிட்சைத் தொடாமல் அந்த அறை பிரேக்கரை இறக்குங்கள். வாளி வையுங்கள். மழை விட்ட பிறகு கூரையைப் பார்க்கலாம். முதலில் பீலி, கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். இலை அடைத்து தண்ணீர் பின்பக்கமாக வழிந்து உள்ளே வருவதுதான் மலிவான காரணம். அடுத்தது ஓடு விலகல், ஷீட் என்றால் ஆணி வொஷர் தளர்வு. பழைய அஸ்பெஸ்டஸ் ஷீட்டில் ஏற வேண்டாம். ஈரத்தில் வழுக்கும், மரம் இல்லாத இடத்தில் கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவார். அதை வாளால் அறுத்துத் தூசி கிளப்பவும் வேண்டாம். ஏறத் தெரிந்த கூரை வேலை பாஸைக் கூப்பிடுங்கள். லைட் ஹோல்டர் நன்றாகக் காய்ந்த பிறகே பிரேக்கரைத் தூக்க வேண்டும். சீலிங்குக்குள் ஈரம் ஒரு நாளில் போகாது.

அறிகுறி: தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணுது

ஓடுது, தண்ணீர் ஏறவில்லை: உடனே ஓஃப் பண்ணுங்கள். வெறுமையாக ஓடினால் சீல் எரிந்துவிடும். கீழ்த் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மோட்டாரில் பழுதில்லை, நீர் வழங்கல் சபையில் வெட்டு. 1939 க்கு எடுத்துக் கேளுங்கள். தண்ணீர் இருக்கிறது என்றால் காற்றுப் பிடித்திருக்கும். மேலுள்ள திருகைக் கழற்றி நிறையத் தண்ணீர் விட்டு மூடி ஓன் பண்ணுங்கள். ஒவ்வொரு நாளும் இப்படி விட வேண்டியிருந்தால் அடியிலுள்ள ஃபுட் வால்வ் பிடிக்கவில்லை. குப்பை சிக்கியிருந்தால் கழுவலாம், ரப்பர் போயிருந்தால் மாற்ற வேண்டும்.

உறுமுது, சுற்றவில்லை: ஓஃப் பண்ணி, பிளக்கைக் கழற்றி, பின்பக்க விசிறியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். கையால் லேசாகச் சுற்ற முடிந்தால் பழுது கெபாசிட்டரில். மலிவான சாமான்தான், ஆனால் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், தெரிந்தவர் மாற்றட்டும். இறுகியிருந்தால் துரு அல்லது பெயரிங்.

ட்ரிப்பை விழுத்துது: வயர் இணைக்கும் சின்னப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் போயிருக்கும். மேலே ஒரு தகரமாவது போட்டு வைக்காத வீடுகளுக்கு வருடா வருடம் போகிறேன். காய்ந்த பிறகும் விழுத்தினால் கொயிலில் கசிவு. கொயில் கட்டும் இடத்தில் விலை கேட்டு, புது மோட்டாரின் விலையோடு வைத்துப் பாருங்கள். சின்ன மோட்டாருக்குக் கொயில் கட்டுவது பல வேளை லாபமில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை ஓன் பண்ணிப் பார்க்கவே கூடாது. கழற்றிக் காயவைத்து மெகர் பார்த்த பிறகுதான்.

அறிகுறி: இடிக்குப் பிறகு ரௌட்டர், டிவி, ஃபேன் வேலை இல்லை

ரௌட்டரில் ஒரு விளக்கும் இல்லை என்றால் முதலில் அடப்டரைச் சந்தேகப்படுங்கள், ரௌட்டரை அல்ல. அடப்டரில் எழுதியுள்ள அதே வோல்ட், அதே அல்லது கூடிய அம்பியர், அதே முனை உள்ள இன்னொன்றைக் குத்திப் பாருங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கலாம், பழைய அடப்டரைக் கையில் கொண்டு போங்கள். விளக்கு எரிகிறது, ஆனால் 'எல்ஓஎஸ்' சிவப்பாக மினுங்குகிறது என்றால் ஃபைபர் எங்கோ முறிந்துவிட்டது. இணைப்புத் தருகிறவரைக் கூப்பிட வேண்டியதுதான், வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லை.

டிவியில் சின்னச் சிவப்பு விளக்கும் வரவில்லை என்றால் வேறு பிளக்கில் பார்த்துவிட்டு, திருத்துகிறவரிடம் பவர் போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர்.

வானம் இருண்டு முதல் முழக்கம் கேட்டதும் பிளக்கையும், அன்டெனா வயரையும், செம்பு வயரில் வரும் தொலைபேசி இணைப்பையும் கழற்றி வைப்பதுதான் மலிவான பாதுகாப்பு. சுவிட்ச் ஓஃப் பண்ணிவிட்டால் இடி வராது என்று நினைக்க வேண்டாம். பெட்டியில் இடிதாங்கும் கருவி போடலாம், ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அதைப் போடுவது காசுக்குக் கேடு. முதலில் நிலத்தில் அடித்த எர்த் கம்பியின் முனையைப் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் வயர் துருப்பிடித்துக் கழன்று தனியாக நிற்கும்.

அறிகுறி: கரண்ட் போய் மீன் தொட்டி அமைதியாகிவிட்டது

வளர்ப்பவருக்கு இது பிரிட்ஜைவிடப் பெரிய கவலை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் காற்றுப் போதவில்லை. ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். சாப்பாடு போட வேண்டாம். பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. தொட்டிக்குள் கை விட முதல் மறக்காமல் எல்லா பிளக்கையும் கழற்றுங்கள், கரண்ட் எப்போது திரும்பும் என்று தெரியாது. தொட்டியால் ட்ரிப் விழுந்தால் பெரும்பாலும் உள்ளே மூழ்கிய பம்ப் அல்லது ஹீட்டரின் உடல் வெடித்திருக்கும். மாற்றத்தான் வேண்டும், பசை பூசித் திருத்த வேண்டாம். வயரை பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கவிட்டுக் குத்தினால், வயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும்.

அறிகுறி: வீட்டுக்குள் வெள்ளம் வந்தது

2016 மே மாதத்திலும் 2025 நவம்பரில் டித்வா புயலோடும் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

தண்ணீர் ஏறுகிறது, பெட்டிக்குப் போகும் வழி இன்னும் காய்ந்திருக்கிறது என்றால் மெயினை இறக்குங்கள். காலடியில் ஏற்கெனவே தண்ணீர் என்றால் போக வேண்டாம், இணைப்பை வெட்டச் சொல்லி 1987 அல்லது 1910. ஆளுக்கு ஆபத்து என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117.

தண்ணீர் வடிந்த பிறகு அவசரம் வேண்டாம். கழுவ முதல் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய, சாமான்களின் மொடல் இலக்கம் தெரியப் படம் எடுங்கள். காப்புறுதிக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அதுதான் சாட்சி. மூழ்கிய பிளக் பேஸ், பிரேக்கர், எக்ஸ்டென்ஷன் கோட் எல்லாவற்றையும் மாற்றுவது என்று மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள், சேற்றுத் தண்ணீரில் ஊறியதைக் காயவைத்து நம்ப முடியாது. சுவருக்குள் உள்ள வயரைப் பரிசோதித்து முடிவெடுக்கலாம். மேல்மாடிக்குத் தனி வரிசை இருந்தால் எலக்ட்ரீசியன் அதை மட்டும் முதலில் தந்துவிடுவார். நீங்களாகத் தூக்கிப் பார்க்க வேண்டாம்.

ஜெனரேட்டரை, இரு முனையிலும் ஆண் பிளக் போட்ட வயரால் வீட்டு பிளக் பேஸில் குத்தவே கூடாது. உங்கள் கரண்ட் வெளியே லைனுக்குப் போய், போஸ்டில் ஏறி நிற்பவரைக் கொல்லும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய கராஜிலோ ஓட்டினால் அதன் புகை உள்ளே தூங்குபவர்களைக் கொல்லும்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிடும்போது

"கரண்ட் வேலை செய்யுதில்லை" என்று சொல்லாதீர்கள். எது விழுந்தது, மழைக்கு முன்னா பின்னா, எல்லா பிளக்கையும் கழற்றிய பிறகும் விழுகிறதா என்று மூன்றையும் சொன்னால் அவர் சரியான சாமானோடு வருவார். மெகர் கொண்டு வருகிறாரா என்று கேளுங்கள். டெஸ்டர் மட்டும் வைத்திருப்பவரால் கசிவைத் தேட முடியாது, ஊகிக்கத்தான் முடியும். என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருந்தால் நல்லது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு வரிசைக்கும் மெகர் என்ன காட்டியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு மெக் ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த வரிசை இன்னும் சரியில்லை. கடைசியாக உங்கள் முன்னால் 'டி' பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ட்ரிப் விழாவிட்டால் காசு கொடுக்க வேண்டாம், வந்தவன் நானாக இருந்தாலும்.